சாவா மூவாப் பேராடுகள்

திருநாவலூர் என்றதும் சைவ இலக்கியத்தில் பழக்கமுள்ளவர்களுக்குச் சுந்தரர்தான் முதலில் நினைவுக்கு வருவார். அவர் பிறந்த ஊர். திருமுனைப்பாடி நாட்டுச் சிற்றரசர் நரசிங்க முனையரையர் அவரை எடுத்து வளர்த்த ஊர். உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகில், சென்னை–திருச்சி நெடுஞ்சாலையின் இரைச்சலுக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறது. 2019இல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இப்போது சேர்ந்திருக்கிறது. பக்தஜனேசுவரரைக் கும்பிட வருகிறவர்களில் பலர் சுந்தரரையும் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கல்வெட்டில் நாட்டமுள்ள சிலர் மட்டும் சுவரோரமாகக் கழுத்து வலிக்க நின்றுகொண்டிருப்பார்கள். எனக்கு இந்த ஊர் சுந்தரரின் ஊராக இருப்பதைவிடப் போர்வீரர்களின் ஊராகவே மனதில் தங்கியிருக்கிறது.

பத்தாம் நூற்றாண்டின் முற்பாதியில் முதலாம் பராந்தக சோழன் தன் மகன் இராசாதித்தனைப் பெரும்படையோடு இந்தப் பகுதியில் நிறுத்தி வைத்திருந்தான். வடக்கேயிருந்து இராட்டிரகூடர் எப்போது வேண்டுமானாலும் இறங்கி வரலாம் என்ற அச்சமே காரணம். இளவரசன் ஆண்டுக்கணக்கில் இங்கேயே தங்கினான். கோயிலைக் கற்றளியாக்கினான். ஊருக்கே இராசாதித்தபுரம் என்ற பெயர் வழங்கியது. அவனோடு வந்த படையினரும் பரிவாரத்தாரும் கோயிலுக்கு நந்தாவிளக்குகள் வைத்தார்கள். அவர்களுள் மலைநாட்டிலிருந்து, அதாவது இன்றைய கேரளத்திலிருந்து, வந்த சேவகர்களும் உண்டு. ஒரு விளக்கு அணையாமல் எரிய நெய் வேண்டும். அதற்காகப் பெரும்பாலும் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகளைக் கொடுப்பது அக்கால வழக்கம். அந்த ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுகள் சொல்லும். சாகாதவை, மூப்படையாதவை. சாவதற்கு ஈடாகக் குட்டிகள் வந்து சேரும். கணக்கில் எண்ணிக்கை குறையாது.

படைகளின் கணக்கும் அப்படித்தான் என்று தோன்றுகிறது. ஒருவன் விழுந்தால் அந்த இடத்துக்கு இன்னொருவன் வருவான், எண்ணிக்கை நிரம்பிவிடும். ஆனால் பக்கத்தில் நின்றவன் விழுந்ததைப் பார்த்த பிறகும் உயிரோடு இருக்கிற மனிதனுக்கு அந்தக் கணக்கு ஒருபோதும் நேராவதில்லை.

949இல் தக்கோலத்தில் போர் நடந்தது. யானைமேல் இருந்தபடியே இராசாதித்தன் இறந்தான். கொன்றவன் கங்க மன்னன் பூதுகன் என்று கர்நாடகத்து ஆதகூர்க் கல்வெட்டு சொல்கிறது. சில ஆண்டுகளில் திருநாவலூர்க் கோயிற் சுவரிலேயே வென்ற கன்னரதேவனின் பெயரால் கல்வெட்டு பொறிக்கப்பட்டது. விளக்குகள் யார் ஆட்சியிலும் எரிந்தாக வேண்டும் அல்லவா?

இந்தத் தோல்வியைத் தன் வாழ்நாள் முழுக்கச் சுமந்த ஒருவர் இருக்கிறார். இராசாதித்தனின் படைத்தலைவன் வெள்ளங்குமரன், கேரளத்துப் புத்தூரைச் சேர்ந்தவன். பெண்ணையாற்றங்கரையில், கிராமம் என்றே பெயர்கொண்ட ஊரில், 943இல் சிவன் கோயிலைக் கல்லால் எடுப்பித்தவன். தக்கோலத்துக்குப் பத்தாண்டுகளுக்குப் பின் திருவொற்றியூரில் ஒரு கல்வெட்டு கிடைக்கிறது. சதுரானன பண்டிதர் என்ற மடாதிபதியின் முன்கதையை அது சொல்கிறது. கேரளத்தில் பிறந்து கல்வி கற்றவர், சோழநாடு வந்து இராசாதித்தனின் நெருங்கிய துணைவர் ஆனவர், போரின்போது உடனிருந்து சாகும் வாய்ப்பை இழந்தவர், அந்த வெறுப்பில் உலகைத் துறந்து கங்கையாடித் திரும்பித் திருவொற்றியூரில் துறவு பூண்டவர். வெள்ளங்குமரனும் சதுரானனரும் ஒருவரே என்று வரலாற்றறிஞர்கள் கருதுகிறார்கள்.

தலைவனோடு சாவதாகச் சூளுரைக்கும் வேளைக்காரப் படைகள் இருந்த காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு தளபதி உயிரோடு இருப்பதே விளக்கம் கேட்கும் செயல். சதுரானனர் அந்த விளக்கத்தை வாயால் சொல்லிவிட்டுப் போகாமல் கல்லில் வெட்டுவித்தார். நான் அங்கே இல்லை என்று ஒரு மனிதர் ஆயிரமாண்டுகளுக்கு நிற்கும்படி எழுதிவைத்ததைத்தான் என்னால் மறக்கமுடியவில்லை.

ஆயிரமாண்டுகளுக்குப் பிறகு ஏறக்குறைய இதே கதையை இன்னொருவரிடம் காண்கிறோம். இவர் தளபதி அல்ல, ராணுவ லாரி ஓட்டுநர். 1937இல் பிறந்த கிசன் பாபுராவ் ஹசாரே, அண்ணா ஹசாரே என்று நாம் அறிந்தவர். வறுமையால் பள்ளிப் படிப்பை விட்டு மும்பையின் தாதரில் பூ விற்றவர், 1960களில் ராணுவத்தில் வண்டி ஓட்டினார். 1965 போரின்போது பஞ்சாப் எல்லையில் கேம்கரண் பகுதியில் இருந்தார். அந்தப் பக்கத்தில்தான் அசல் உத்தரில் பாட்டன் டாங்கிகள் குவியல் குவியலாக அழிந்தன. அங்கே தாக்குதலில் உடனிருந்தவர்கள் இறந்துபோகத் தாம் மட்டும் பிழைத்ததாக ஹசாரே சொல்லியிருக்கிறார். வானிலிருந்து குண்டு விழுந்தது என்றும், துப்பாக்கிச் சூடு என்றும் அந்தச் சம்பவம் பலவாறாக எழுதப்பட்டிருக்கிறது. எது சரி என்பதைவிட, பிழைத்தது ஏன் என்ற கேள்வி அவரை விடாமல் துரத்தியதே முக்கியம். புது டெல்லி ரயில் நிலையத்தில் வாங்கிய விவேகானந்தர் நூல் ஒன்றில் விடை கிடைத்ததாகவும் சொல்லியிருக்கிறார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1975இல் ராணுவத்தை விட்டு ராலேகண் சித்தி என்ற தம் வறண்ட கிராமத்துக்குத் திரும்பி, ஓய்வுப் பணத்தில் அங்கிருந்த யாதவ்பாபா கோயிலைச் செப்பனிட்டார். கோயிலிலேயே தங்கினார்.

அதன்பின் நடந்ததை நாடறியும். சரிவுகளில் வாய்க்கால் வெட்டி, தடுப்பணைகள் கட்டி, ஓடிப்போகும் மழைநீரை நிலத்துக்குள் இறக்கினார்கள். கிணறுகளில் நீர் ஊறியது. 1990இல் பத்மஸ்ரீ, 1992இல் பத்மபூஷண். 2011 ஆகஸ்டில் ராம்லீலா மைதானத்தில் பன்னிரண்டு நாட்களுக்கு மேல் நீண்ட உண்ணாவிரதம். அப்போது அவருக்கு 74 வயது. அதே ராலேகண் சித்தியில், குடித்தவர்களைக் கோயில் தூணில் கட்டிவைத்துத் தம் ராணுவ பெல்ட்டால் அடித்ததையும் அவர் மறைக்கவில்லை. பிள்ளைக்குத் தாய் கசப்பு மருந்து கொடுப்பதில்லையா என்று கேட்டார்.

அந்த பெல்ட்தான் எனக்கு நெருடலாக இருக்கிறது. தண்ணீரைத் தேக்கிய அதே கை அல்லவா? பிழைத்த உயிர் தன்னுடையதல்ல, பிறருக்குக் கொடுக்கவேண்டிய கடன் என்று நம்புகிறவர் அரிய காரியங்களைச் செய்வார். ஆனால் தன் உயிர் தனக்குச் சொந்தமல்ல என்று தீர்மானித்தவருக்கு, அடுத்தவர் உயிரும் அவருக்கே சொந்தமல்ல என்று தோன்றிவிட அதிக தூரம் இல்லை. கடன் தன்னுடையது; அடி வாங்கியது வேறொருவர் முதுகு. சதுரானனர் தம் கடனைத் தம்மீது மட்டுமே வைத்துக்கொண்டாரா என்பதைக் கல்வெட்டு சொல்லாது. கல்வெட்டுகள் அடிபட்டவர்களைப் பற்றிப் பேசுவதில்லை.

கல்வெட்டும் விருதும் இல்லாமல் பிழைத்திருந்தவர்கள்தாம் அதிகம். என் தாய்மாமன் ஒருவர் 1971 போரில் மேற்கு எல்லையில் சக்திமான் ஓட்டியவர். ஓய்வுபெற்று வந்தபின் முப்பது ஆண்டுகள் இந்த நெடுஞ்சாலையில் லாரி ஓட்டினார். பண்ருட்டிப் பலா, முந்திரி, சர்க்கரை மூட்டை, செங்கல் என்று எது கிடைத்தாலும் ஏற்றுவார். எண்பதைத் தாண்டி வாழ்ந்தார். துறவு கொள்ளவில்லை, ஊரைத் திருத்தவுமில்லை. சண்டையில் என்ன பார்த்தீர்கள் என்று சிறுவயதில் நாங்கள் நச்சரிக்கும்போது, "வண்டியத்தான் பாத்தேன்" என்று முடித்துவிடுவார்.

கேலியாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்திருந்தோம். பல ஆண்டுகள் கழித்து ஒருநாள் விளக்கினார். இரவில் ராணுவ வண்டிகள் முன்விளக்கு இல்லாமல் வரிசையாகப் போகும். ஒவ்வொரு வண்டியின் பின் அச்சு நடுவே உருண்டையாக இருக்கும் டிஃபரன்ஷியலில் வெள்ளை வட்டம் பூசியிருப்பார்கள். அதன்மேல் மட்டும் விழும்படி அடியில் ஒரு சின்ன பல்பு. வானத்திலிருந்து பார்த்தால் தெரியாது, பின்னால் வருகிறவனுக்கு மட்டும் தெரியும். "அந்த வெள்ளையப் பாத்துக்கிட்டே போவணும்ப்பா. அது நின்னா நாம நிக்கணும். ஒருநாள் ராத்திரி பெரிய சத்தம். அப்புறம் முன்னாடி வெள்ளை இல்ல." சற்று நேரம் சும்மா இருந்தார். "எனக்குப் பின்னாடி எட்டு வண்டி வந்துச்சு. நான் ஓட்டிக்கிட்டுப் போனேன்."

அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முன்வண்டியில் இருந்தவரின் பெயரை அன்றும் அவர் உச்சரிக்கவில்லை. ஆனால் அவருடைய பழைய கிளீனர் ஒருவர் துக்கத்துக்கு வந்தபோது ஒரு செய்தி சொன்னார். எந்த முதலாளியின் வண்டிக்கு மாறினாலும் மாமா முதல் வேலையாக ஒரு சின்ன டப்பா பெயின்ட் வாங்கிவரச் சொல்வாராம். எலுமிச்சம்பழமும் சூடமும் எல்லா டிரைவர்களும் கேட்பதுதான். பெயின்ட் இவர் மட்டும்தான். வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, டிஃபரன்ஷியலில் தாமே வட்டமாக வெள்ளை பூசுவாராம். ஊரெல்லாம் முன்விளக்குப் போட்டுக்கொண்டு ஓட்டுகிற சாலையில் இது எதற்கு என்று கிளீனர்கள் சிரிப்பார்களாம். மழைக்காலம் முடிந்து சேறு கழுவியதும் மறுபடி பூசுவாராம்.