புருவ மட்டத்துக்கு ஒரு கம்பு

வெள்ளியங்கிரி ஏறப் போகிறவர்கள் பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்குவார்கள். முக்கால்வாசிப் பேர் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுகிறார்கள். ஏறும்போது எந்தத் தடியும் போதும். ஏழு மலையும் ஏறிவிட்டு முழங்கால் நடுங்க இறங்கும்போதுதான் உடம்பின் பாரத்தை அதன்மேல் போட வேண்டியிருக்கும். வழுக்குப்பாறை என்றே பெயர் வாங்கிய இடமும் வழியில் உண்டு. விரல் பருமன் தடியெல்லாம் அங்கே நெளிந்துவிடும்.

தடி பார்த்து எடுக்கும் வித்தையைச் சிலம்ப வாத்தியார்களிடம்தான் கேட்க வேண்டும். கம்பை நிமிர்த்தி நிறுத்தினால் உங்கள் புருவ மட்டத்துக்கு வர வேண்டும். கூடுதலானால் சுற்றும்போது தரையில் தட்டும். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பமும் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. பிள்ளைகளைச் சேர்த்துவிடும் பெற்றோருக்கு இப்போது ஆர்வம் அதிகம். ஆனால் பள்ளிக்கூடச் சட்டை எடுப்பதுபோல, வளர்கிற பையன்தானே என்று ஒரு சாண் கூட்டியே வாங்கிவிடுகிறார்கள். பையன் வளர்வதற்குள் தோள்பட்டைதான் வலிக்கும்.

மூடிப் பிடித்தால் கட்டைவிரல் நுனி நடுவிரலைத் தொட வேண்டும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தால் கோணல் தெரிந்துவிடும். தரையில் லேசாகத் தட்டுங்கள். கீறல் விழுந்த மூங்கிலின் சத்தமே காட்டிக்கொடுக்கும். கல் மூங்கில் கிடைத்தால் விடாதீர்கள், உள்ளே பொந்து மிகக் குறைவு. கணு நெருக்கமாக இருப்பதும் நல்லது. பச்சை மூங்கிலை மட்டும் வாங்க வேண்டாம். காயும்போது வெடிக்கும். மாச்சத்து இருக்கும்வரை வண்டும் விடாது. மூங்கிலை நீரில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி, எண்ணெய் பூசிப் பதப்படுத்துவது அதனால்தான். கம்பில் ஊசித் துளைகள் தெரிந்து மாவு உதிர்ந்தால் வண்டு குடியேறிவிட்டது என்று பொருள். விலை குறைத்தாலும் வேண்டாம்.

ஜோடி போட்டு ஆடும் பிள்ளைகளுக்கு என் ஓட்டு பிரம்புக்குத்தான். அடிபட்டால் அது நார்நாராகப் பிரியும். மூங்கில்போலப் பிளந்து சிலாம்பு ஏற்றாது. நுனியில் இரும்புப் பூண் போட்டால் கம்பு பிளக்காது. மலைக்கு அது சரி. எதிரில் இன்னொருவர் நிற்கும் ஆட்டத்துக்குப் பூண் ஆகவே ஆகாது.

தற்காப்புச் சாமான்கள் என்று கடையில் அடுக்கி வைத்திருப்பவற்றில் பாதி, பயத்தை விலை பேசுகிறவை. காட்டுக்குப் போகிறவனுக்குக் கயிறு அறுக்க, பழம் நறுக்க ஒரு சின்ன மடக்குக் கத்தி போதும். சினிமாக் கத்தி எதற்கு? வீட்டுக்கும் வயலுக்கும் தொழிலுக்குமாகச் செய்யப்படாத கத்தியின் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீண்டாலோ 2 அங்குலத்துக்கு மேல் அகன்றாலோ, 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் அதை ஆயுதமாகவே கணக்கில் வைக்கின்றன. மிளகு ஸ்ப்ரே வாங்கும் பெண்கள் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து அடிக்கவும் பழக வேண்டும். எதிர்க்காற்றில் அடித்தால் எரிவது நம் கண்தான். கைப்பையின் அடியில் சீப்புக்கும் சாவிக்கும் கீழே கிடந்தால் எடுப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

மற்றவை பெரிய விஷயமில்லை. ஷூவை மாலையில் போய் வாங்குங்கள், நடந்து நடந்து கால் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது. டார்ச்சைத் தலையில் மாட்டினால் இரண்டு கையும் சும்மா இருக்கும். மழைக்காலத்து மேற்குத் தொடர்ச்சி மலையில் அட்டைக்கென்றே நெருக்கமாக நெய்த நீளக் காலுறை வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னால் வனத்துறை அனுமதி. 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகும் திருட்டு வழியில் மலையேறுகிறவர்களை என்ன சொல்ல! 2024 அக்டோபரில் தொடங்கிய அரசின் மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன. வழிகாட்டியும் கூட வருவார்.

இத்தனையும் வாங்கிய பிறகு கையில் பணம் மிஞ்சினால் இன்னொரு சாமான் தேடாதீர்கள். பக்கத்துத் தெரு சிலம்ப வாத்தியாரிடம் ஒரு மாதக் கட்டணம் கட்டிவிட்டு, அந்தக் கம்பைச் சுற்றப் பழகுங்கள்.