கன்னத்தில் கறுப்புப் புள்ளி

சிங்கப்பூரின் செம்பவாங் காப்பிக்கடையில் மேசைக்கடியில் ரொட்டித் துணுக்கு பொறுக்கும் குருவிக்குக் கன்னத்தில் ஒரு கறுப்புப் புள்ளி உண்டு. ஊர்ச் சிட்டுக்குருவிக்கு அது கிடையாது. சென்னையிலிருந்து வந்த புதிதில், பறவை பார்க்கும் ஒரு மனிதர் இரண்டையும் ஒன்றென்றே நோட்டில் எழுதிவந்தார். ஊரில் ஆணுக்குத்தான் தொண்டை கறுப்பு. பெட்டை வெளிறிய பழுப்பு. இங்கே எல்லாமே ஆணாகத் தெரிந்தன. பெட்டையைப் பல வாரம் தேடி அலுத்த பிறகே இது வேறு இனம், மரச்சிட்டு, இதில் ஆணும் பெண்ணும் ஒரே அச்சு என்று உறைத்தது.

காப்பிக்கடைக் குருவியை வாரக்கணக்கில் பார்க்கும் இந்தக் கிறுக்கு அவருக்கு மா. கிருஷ்ணனைப் படித்ததால் வந்தது.

'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் கிருஷ்ணன். 1912இல் பிறந்தவர். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950இல் தொடங்கிய பத்தியை 1996இல் சாகும்வரை, 46 ஆண்டுகள் எழுதினார். யானையைத் தேடிக் காடுகாடாக அலைந்தவர்தான். தானே பாகம் பாகமாகச் சேர்த்த கனத்த கேமராவில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தவர். ஆனால் வீட்டு முற்றத்துக் காகத்துக்கும் அணிலுக்கும் அதே கவனத்தைக் கொடுத்தார். செம்பவாங்காரர் படித்துப் படித்துத் தையல் விட்டுப்போன புத்தகம் 'மழைக்காலமும் குயிலோசையும்'. தியடோர் பாஸ்கரன் தொகுத்த கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகள்.

அந்தப் படிப்பு கையில் இறங்கும் இடம் செம்பவாங் பூங்காக் கடற்கரை. எதிரே ஜொகூர். நீர் வற்றும் நேரம் பார்த்துப் போய், அசையாமல் உட்கார வேண்டும். பைனாகுலரை முதலில் தூக்கக்கூடாது. வெறுங்கண்ணால் இடத்தைப் பிடித்துக்கொண்டு அப்புறம்தான் அது. கழுத்தில் வெள்ளைப் பட்டையோடு ஒரு நீல மீன்கொத்தி வந்து நண்டைக் கவ்வும். ஊர்க் குளக்கரையில் பழகிய மீன்கொத்திக்குத் தலை பழுப்பு. பெயர் ஒன்று, பறவை வேறு. மைனாவும் அப்படித்தான்: புளோக்குகளுக்கு நடுவே நடைபோடும் கருஞ்சாம்பல் மைனா, 1920களில் கூண்டுப் பறவையாக வந்த ஜாவாக்காரி.

காகத்தின் கதை இன்னும் சுவையானது. காப்பிச் செடியில் புழுவை ஒழிக்க என்று 1890களில் இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளானுக்குக் கொண்டுவந்தார்கள். நம்மவர்களைப் போலவே தோட்ட வேலைக்கு வந்த பறவை! பின்னால் சிங்கப்பூரிலும் காகம் பெருகிய பிறகு குயிலும் அதன் கூட்டில் முட்டையிடத் தொடங்கியது.

விடியுமுன்னே கூவித் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்குக் குயில்மேல் கோபம். "அது கூப்பாடு போடுற ஆம்பளைக் குயில் ஆன்ட்டி, பொண்ணு கிக்கிக்னுதான் கத்தும்" என்றார் இவர், லிஃப்ட்டில். ஆன்ட்டி சமாதானமாகவில்லை. மறுநாள் நோட்டில் ஒரு வரி: 5.50, ஆண், மூன்றாம் மாடி உயரம், மழைத் தூறல்.