மூன்று மணிக்கு விழித்திருப்பவர்

இரவு 2.50. நாக்பூரின் அஜ்னி ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சிறிய வீடு. 73 வயதான ஓய்வுபெற்ற கார்டு கட்டிலில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார். (2022 முதல் அந்தப் பதவிக்கு 'டிரெயின் மேனேஜர்' என்று பெயர்; இவருக்கு அது ஒட்டவில்லை.) 34 வருடம் சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் விழித்திருக்கச் சம்பளம் வாங்கியவர். இப்போது சும்மா விழித்திருக்கிறார்.

2012-ல் தம்பி இறந்தபோது 10 நாளுக்கென்று எழுதித் தரப்பட்டது அரை மில்லிகிராம் அல்பிரசோலம். பத்து நாள் பன்னிரண்டு வருடமாயிற்று. சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துதான். தெருமுனை மருந்துக்கடைக்காரருக்கோ அவர் முகமே சீட்டு. 2024 மழைக்காலத்தில், நள்ளிரவில் குளியலறைக்குப் போகும்போது விழுந்து மணிக்கட்டு முறிந்தது. இடுப்பு தப்பியது அதிர்ஷ்டம். வயதானவர்களுக்கு இந்த வகை மாத்திரைகள் தள்ளாட்டத்தையும் மறதியையும் தரும் என்பது மருத்துவர்களுக்குப் பழைய சங்கதி.

முதியோர் மருத்துவம் பார்க்கும் டாக்டர் புது மாத்திரை எதுவும் எழுதவில்லை. குறட்டை உண்டா, கால் குடைகிறதா, இரவில் எத்தனை முறை சிறுநீர், மனம் எப்படி என்று விசாரித்தார். கடைசிக் கேள்விக்கு மனைவிதான் பதில் சொன்னார்: "தம்பி பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார்."

பிறகு இரண்டு வாரத் தூக்கக் கணக்கு. ரயில் தாமதங்களை நிமிடம் பிசகாமல் எழுதிய கை. கணக்கு சுத்தமாக வந்தது. படுக்கையில் எட்டரை மணி நேரம், தூக்கம் ஐந்து. மதியம் சோபாவில் இரண்டு மணி நேரம். அதைத் தூக்கம் என்று அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. ரத்த அழுத்தத்துக்கான நீர் பிரியும் மாத்திரையோ இரவுச் சாப்பாட்டுக்குப் பின்!

அது காலைக்கு மாறியது. படுக்கை 11.30 முதல் 5.30 வரை மட்டும். தூக்கம் வராவிட்டால் எழுந்து முன்னறைக்குப் போக வேண்டும். மதியம் அரை மணி நேரம், அவ்வளவுதான். அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசீஷியன்ஸ் 2016-ல் மாத்திரைக்கு முன்பாகப் பரிந்துரைத்ததும் இந்த மாதிரிப் பழக்கத்தை மாற்றும் சிகிச்சையைத்தான். அல்பிரசோலத்தைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அதனால் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பு.

முதல் இரண்டு வாரம் நரகம். டாக்டரை மராத்தியில் திட்டித் தீர்த்தார். ஒன்பதரைக்கே டி.வி. முன் தலை சாயும். மனைவி தட்டி எழுப்புவார். ஆறாவது வாரம் ஒரு ராத்திரி ஐந்து மணி வரை தூங்கினார். மூச்சு வருகிறதா என்று பார்க்க மனைவி இரண்டு முறை எழுந்தார்.

இன்னும் சில நாள் மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது. முன்னறையில் உட்கார்ந்து, கடந்து போகும் சரக்கு ரயிலின் பெட்டிகளைச் சத்தத்தை வைத்து எண்ணுகிறார். எப்போதாவது மனைவியும் வந்து உட்காருகிறார். தம்பியைப் பற்றிப் பேசுகிறார்கள். மாத்திரையில் கால் பங்கு இன்னும் பாக்கி.