பிடியரிசி பாட்டில்

போன வாரம் அடுக்களை அலமாரியைச் சுத்தம் செய்தபோது மேல்தட்டின் மூலையில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் அகப்பட்டது. மூடி துருப்பிடித்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. "பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாமா?" என்று மனைவி கேட்டாள். வேண்டாம் என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லுகிறேன். இத்தனை நாளாக யாருக்கும் சொல்லாத கதை.

எங்கள் ஊர் மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு கிராமம். சுற்றிலும் செம்மணல் தேரி. எந்தத் திசையில் நின்று பார்த்தாலும் பனைமரங்களுக்கு மேலே மெஞ்ஞானபுரம் கோவிலின் 192 அடிக் கோபுரம் தெரியும். அப்பா பனையேறி. பதநீர் இறங்கும் மாதங்களில் காலையிலும் மாலையிலும் நாற்பது மரம் ஏறி இறங்குவார். இடுப்பில் பாளை அருவாள், தோளில் கலயம், நெஞ்சிலும் உள்ளங்கையிலும் காய்ப்பு. முதல் மரத்தில் ஏறும் முன் தலையில் கட்டியிருக்கும் துண்டை அவிழ்த்துவிட்டு, இரண்டு கைகளையும் மரத்தில் ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பார். எங்கள் தெருவிலேயே மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கட்டிலோடு கிடந்தவர்கள் இரண்டு பேர். அவர்களைத் தாண்டித்தான் அப்பா தினமும் வேலைக்குப் போக வேண்டும். ஜெபம் பண்ண வேண்டும் என்று யாரும் அவருக்குப் பிரசங்கம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

அம்மாவுக்கு ஒரு மண்கலயம் உண்டு. உலையில் போட அரிசியை அளந்த பிறகு, அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அந்தக் கலயத்தில் போடுவாள். அதுதான் பிடியரிசி. திருநெல்வேலிச் சீமையில் வளர்ந்த கிறிஸ்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை அதைக் கோவிலுக்குக் கொண்டுபோவோம். ஆராதனை முடிந்ததும் முருங்கைக்காய், முட்டை, சேவல் ஆகியவற்றோடு அந்த அரிசியும் ஏலம் போகும். அந்தப் பணம் ஊழியத்துக்கு. வீட்டில் அரிசி தாராளமாக இருந்த காலம் அல்ல அது. பனையேற்றம் இல்லாத மாதங்களில் பல நாள் ராத்திரி பனங்கிழங்கும் கருப்பட்டிக் காப்பியும்தான். அப்போதும், உலை வைத்த நாளில் பிடி எடுக்காமல் விட்டதை நான் பார்த்ததில்லை.

இப்படிப்பட்ட ஏழைச் சபைகள்தான் 1903ஆம் ஆண்டு இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கின. நம் ஊழியர்கள், நம் பணம் என்று சொல்லி, தெலுங்கு நாட்டில் டோர்னக்கல் பகுதிக்கு ஆட்களை அனுப்பின. அதற்கு முன்னின்றவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. பின்னாளில், 1912இல், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். அவர் பிறந்த வெள்ளாளன்விளை எங்கள் பக்கத்து ஊர்தான். வயிறு நிறையாத ஜனங்கள், கண்ணால் பார்க்காத ஒரு நாட்டு ஜனங்களுக்காக அரிசி எடுத்து வைத்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம்தான்.

அப்பா மரத்தடியில் என்ன ஜெபித்தார் என்று ஒருநாள் கேட்டேன். அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். "நீ மரம் ஏறக்கூடாதுன்னு கேட்டேம்ல" என்றார். விழாமல் இருக்க வேண்டும் என்று தனக்காகக் கேட்டிருப்பார் என்று நான் நினைத்திருந்தேன்.

அந்த ஜெபம் கேட்கப்பட்டது. மிஷன் பள்ளிக்கூடம், பாளையங்கோட்டையில் கல்லூரி, 1973இல் ஒரு வங்கியில் குமாஸ்தா வேலை. முதல் சம்பளத்தை அம்மா கையில் கொடுத்தேன். அவள் பத்தில் ஒரு பங்கை எண்ணி எடுத்து உறையில் போட்டுவிட்டு மீதியைத்தான் அப்பாவிடம் கொடுத்தாள். அதற்குக் கணக்குப் பார்க்க அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்கும் அன்று அது பெரிய தொகையாகத் தெரியவில்லை.

பிறகு பதவி உயர்வு, இடமாற்றம். பம்பாயில் நான்கு வருஷம். கோவில் தூரம், ரயிலில் கூட்டம் என்று மாதம் ஒருமுறை ஆராதனை. பிள்ளைகளின் படிப்பைச் சாக்கிட்டு மாலைக் குடும்ப ஜெபம் ராத்திரிக்குத் தள்ளிப்போனது. ராத்திரி தூக்கம் வந்ததால் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போனது. யாரும் அதை நிறுத்தவில்லை. ஒரு நாள் திரும்பிப் பார்த்தபோது அது இல்லை, அவ்வளவுதான். சென்னைக்கு வந்து சொந்த வீடு வாங்கினேன். சம்பளம் கூடக் கூட, தசமபாகத்தைப் பிடித்தத்துக்கு முன்னால் கணக்கிடுவதா, பின்னால் கணக்கிடுவதா என்ற சந்தேகம் வந்தது. வீட்டுக்கடன் தவணையைக் கழித்துக்கொள்ளலாமா என்றும் யோசித்தேன். வங்கிக்காரனுக்குக் கணக்குப் போடத் தெரியாதா! கடைசியில் வருஷத்துக்கு ஒருமுறை ஒரு காசோலை என்று ஆனது. வருமான வரிக்கு உதவுமே என்று அதற்கும் ரசீது கேட்டு வாங்கினேன்.

நான் கடவுளை மறந்தேன் என்று சொன்னால் அந்நாளில் என்னை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். சபைக் கமிட்டியில் இருந்தேன். அசனப் பண்டிகையில் முன்வரிசையில் நின்றேன். கோவிலைப் பழுதுபார்த்தபோது நன்கொடை கொடுத்தவர்கள் பெயர் வெட்டிய பளிங்குக் கல்லில் என் பெயர் மூன்றாவது. ஆனால் கையை மரத்தில் ஊன்றிக் கண்ணை மூடி நின்ற அந்த ஒரு நிமிஷம் என் நாளில் எங்குமே இல்லை. வங்கி இருந்தது, வைப்புநிதி இருந்தது, மருத்துவக் காப்பீடு இருந்தது. எதற்காகக் கேட்பது?

அப்பா 1994இல் காலமானார். மறுவருஷம் அம்மாவைச் சென்னைக்கு அழைத்துவந்தோம். வந்த இரண்டாம் நாளே காலி ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அதில் விழும். எனக்கு அது என்னவோ போலிருந்தது. இந்தச் சபையில் பிடியரிசி வழக்கம் இல்லை. வீட்டுக்கு வருகிற வங்கி நண்பர்கள் கேட்டால் என்ன சொல்வது என்றுகூட யோசித்தேன்.

"வண்டு வந்துரும்மா. நாந்தான் வருஷத்துக்கு ஒரு செக்கு குடுத்துருதேனே. இதெல்லாம் எதுக்கு?" என்றேன்.

அம்மா அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "செக்கு நீ வருசத்துக்கு ஒருக்கா எழுதுத. வருசத்துக்கு ஒருக்கா நெனைப்பே. உலை தெனமும்லா வைக்கேன்."

இதற்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததோடு விட்டிருக்கலாம். இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, அவள் குளிக்கப் போயிருந்தபோது, பாட்டிலில் இருந்த அரிசியை எங்கள் அரிசி டின்னில் கொட்டிவிட்டேன். கால் கிலோ இருந்திருக்குமோ என்னவோ. பாட்டிலை மேல்தட்டில் ஏற்றிவிட்டேன். அம்மா வந்து பார்த்தாள். எங்கே என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவள் பிடியரிசி எடுக்கவும் இல்லை. நான்கு மாதம் கழித்து, "எனக்கு அங்கதான்ய்யா சரிப்படும்" என்று ஊருக்குப் போய்விட்டாள். 1999இல் இறந்துபோனாள். அந்த நான்கு வருஷத்தில் எத்தனையோ தடவை ஊருக்குப் போனேன். அந்த அரிசியைப் பற்றி மட்டும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்கும் அளவுக்கு அது பெரிய விஷயம் இல்லை என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன்.

ஓய்வு பெற்ற பிறகுதான் வேதாகமத்தை நிதானமாக வாசிக்க ஆரம்பித்தேன். உபாகமம் எட்டாம் அதிகாரத்தில் மோசே ஜனங்களை எச்சரிக்கிறார். பசியைப் பற்றியோ எதிரிகளைப் பற்றியோ அல்ல. வனாந்தரத்தில் அதையெல்லாம் அவர்கள் பார்த்துவிட்டார்கள். அவர் பயப்படுவது இனி வரப்போகும் நல்ல காலத்துக்கு. நல்ல வீடு கட்டி, ஆடுமாடும் பொன்னும் பெருகி, வயிறாரச் சாப்பிட்ட பிறகு, இதெல்லாம் என் கைத்திறமை என்று நெஞ்சு சொல்லிக்கொள்ளும் என்கிறார். உசியா ராஜாவின் கதையும் அதுதான். பதினாறு வயதில் பட்டத்துக்கு வந்தவன், கிணறுகள் வெட்டினான், கோபுரங்கள் கட்டினான், ஐம்பத்திரண்டு வருஷம் ஆண்டான். பலவீனனாக இருந்தவரையில் அவனுக்கு ஒரு கேடும் வரவில்லை. பலப்பட்ட பிறகுதான் ஆசாரியருக்குரிய தூபகலசத்தைத் தானே கையில் எடுத்தான்.

ஜான் வெஸ்லி இதை ஒரு கணக்குப் போலவே பார்த்தார். பக்தி வந்தால் உழைப்பும் சிக்கனமும் வரும். அவை வந்தால் செல்வம் வரும். செல்வம் வந்தால் பக்தி குறையும். இதற்கு அவர் கண்ட ஒரே மருந்து, சம்பாதித்துச் சேமிப்பதோடு நிற்காமல் கொடுப்பதும் கூட வேண்டும் என்பதே. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஒரு வாலிபரைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். அது அவரேதான் என்பார்கள். வருஷ வருமானம் 30 பவுனாக இருந்தபோது 28இல் வாழ்ந்து 2 பவுன் கொடுத்தார். வருமானம் 60, 90, 120 என்று ஏறியது. அவர் வாழ்ந்தது அதே 28இல்தான். கடைசியில் 92 பவுன் கொடுத்தார். என் கணக்கு நேர் எதிர். எனக்குச் செலவு ஏறியது. காணிக்கை நின்ற இடத்தில் நின்றது.

வசதி பாவம் என்று நான் சொல்லவரவில்லை. நான் மரம் ஏறக்கூடாது என்று கேட்டவர் என் அப்பா. கடவுள் கொடுத்தார். கேட்டது கிடைத்ததும், கேட்கும் பழக்கமே எங்கள் வீட்டிலிருந்து போய்விட்டது. அதுதான் நடந்தது. வறுமையைத் திரும்பக் கூப்பிடுவது இதற்கு மருந்தல்ல. உபாகமம் இருபத்தாறில் ஒரு வழி இருக்கிறது. முதற்பலனைக் கூடையில் கொண்டுவருகிறவன் அதைச் சும்மா வைத்துவிட்டுப் போகக்கூடாது. நாடோடியாய் அலைந்த தன் முற்பிதாவின் கதையையும், எகிப்தில் பட்ட அடிமைப்பாட்டையும் வாயால் சொல்ல வேண்டும். கூடை நிறைந்திருக்கும்போது வெறுங்கூடையை நினைக்கச் சொல்லும் ஏற்பாடு அது. அம்மா இந்த அதிகாரத்தை இப்படியெல்லாம் ஆராய்ந்தவள் அல்ல. ஆனால் உலை வைக்கும்போதெல்லாம் அவள் கை அதைச் செய்தது.

அன்றைக்கு அந்தப் பாட்டிலை மனைவி கழுவி வெயிலில் வைத்தாள். மூடி சரிப்படவில்லை, வேறு ஒன்று தேடிப் போட்டோம். இப்போது அது அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் இருவருக்கும் சர்க்கரை. ராத்திரி சப்பாத்திதான். ஆகவே ஒரு நாளைக்கு ஒரு பிடி. குக்கரில் அரை டம்ளர் அரிசி போடுகிற வீட்டில் ஒரு பிடி என்பது தெரியத்தான் செய்கிறது. ஆயரிடம் கேட்டேன். சபையின் பிள்ளைகள் விடுதிக்குக் கொடுங்கள் என்றார்.

ஒரு வாரத்தில் இரண்டு நாள் மறந்துவிட்டேன். சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. எழுந்துபோய் டின்னைத் திறந்து ஒரு பிடி எடுத்துப் போட்டுவிட்டு வந்தேன். சோறு சற்று ஆறிப்போயிருந்தது. மனைவி சாப்பிடாமல் காத்திருந்தாள். அன்றைக்கு நாங்கள் ஜெபித்துவிட்டுச் சாப்பிட்டோம்.