சுஷித் தாத்தாவும் மூத்த மகனும்

டோக்கியோவில் கின்சா என்று ஒரு பகுதி. காசு உள்ளவர்கள் புழங்கும் இடம். அங்கே சுரங்க ரயில் நிலையத்தை ஒட்டி, ஒரு அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு சின்னக் கடை. பத்தே பத்து இருக்கை. கழிப்பறைகூட கடைக்கு வெளியேதான். சுஷியைத் தவிர வேறு எதுவும் கிடைக்காது. படம் எடுத்த சமயத்தில் ஒரு சாப்பாடு 30,000 யென்னில் ஆரம்பம். அதற்கும் ஒரு மாதம் முன்னாடியே சொல்லி வைக்க வேண்டும். வேகமாகச் சாப்பிடுகிற ஆள் என்றால் கால் மணி நேரத்தில் எழுந்து போய்விடலாம். (நிமிடத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போடாதீர்கள், தலை சுற்றும்!)

கடையின் பெயர் சுகியாபாஷி ஜிரோ. முதலாளி ஜிரோ ஓனோ. டேவிட் கெல்ப் இயக்கிய 'ஜிரோ ட்ரீம்ஸ் ஆஃப் சுஷி' என்ற 2011-ம் வருட ஆவணப்படம் இவரைப் பற்றியதுதான். அப்போது அவருக்கு வயது 85. கெல்ப் முதலில் நினைத்தது பல சுஷிக் கலைஞர்களைப் பற்றி ஒரு படம் எடுக்க. ஜிரோவையும் அவர் மகனையும் பார்த்த பிறகு, மற்றவர்களை எல்லாம் விட்டுவிட்டு இந்தக் கடையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சுஷி என்றாலே பச்சை மீன் என்று மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு. உண்மையில் சுஷிக்கு உயிர் சோறுதான். வினிகர் கலந்த சோறு. அதைச் சூடாகவும் வைக்கக் கூடாது, ஆறவும் விடக் கூடாது, உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும் என்பது ஜிரோவின் கட்சி. இவருக்கு அரிசி தருகிற வியாபாரி படத்தில் ஒரு கூத்து சொல்கிறார். ஒரு பெரிய ஓட்டல்காரர்கள் வந்து அதே அரிசி வேண்டும் என்று கேட்டார்களாம். மாட்டேன் என்று அனுப்பிவிட்டாராம். காரணம்? அந்த அரிசியை வடிக்கத் தெரிந்தவர் ஜிரோ மட்டும்தான், வடிக்கத் தெரியாதவருக்கு விற்று என்ன பிரயோஜனம் என்று கேட்கிறார். இப்படி ஒரு வியாபாரி!

மீன் வியாபாரியும் அதே ரகம். சந்தையில் பத்து சூரை மீன் கிடந்தால் அதில் ஒன்றுதான் சிறந்தது, அதைத்தான் வாங்குவேன், அது கிடைக்காவிட்டால் வெறுங்கையோடு போவேன் என்கிறார்.

கடைக்குள் இன்னும் மோசம். எடுபிடியாகச் சேரும் பையன் முதலில் கற்றுக்கொள்வது மீன் வெட்ட அல்ல, துண்டு பிழிய! வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் துண்டு கொதிக்கக் கொதிக்க இருக்கும், கையைச் சுடும். அதை ஒழுங்காகப் பிழிய வராதவனை மீனைத் தொட விடுவதில்லை. ஆக்டோபஸை முன்பெல்லாம் அரை மணி நேரம் பிசைந்தார்களாம், இப்போது நாற்பது ஐம்பது நிமிடம் பிசைகிறார்கள். முட்டை அடை போடுகிற வேலை பத்து வருடம் கழித்துத்தான் கைக்கு வரும். நகசாவா என்ற சீடர் அந்த முட்டை அடையை 200 முறைக்கு மேல் போட்டிருக்கிறார். ஒவ்வொன்றும் சரியில்லை, சரியில்லை. கடைசியில் ஒரு நாள் பெரியவர் தலையை ஆட்டியபோது இவர் அழுதுவிட்டார். (இதே நகசாவாதான் 2013-ல் நியூயார்க்கில் தன் பெயரிலேயே கடை தொடங்கினார். அந்த 200 முட்டை வீண் போகவில்லை.)

இதையெல்லாம் பார்த்துவிட்டு, "செய்யும் வேலையைக் காதலி, வெற்றி தானாக வரும்" என்று எழுதிப் போடுகிறார்கள். படத்தைப் பற்றி வருகிற பாதிப் பேச்சு இதுதான். ஆனால் படத்தை இன்னொரு முறை பாருங்கள். அதன் மையத்தில் இருப்பது தாத்தா இல்லை, மூத்த மகன் யோஷிகாசு.

ஜிரோ பொறுப்பில்லாத அப்பாவுக்குப் பிறந்தவர். ஒன்றாம் வகுப்புப் படிக்கிற வயதில், திரும்பி வர உனக்கு வீடு கிடையாது என்று சொல்லி அனுப்பப்பட்டவர். உழைக்காவிட்டால் தெருதான். சரி, அவருக்கு வேறு வழி இல்லை. பிள்ளைகளுக்கு? இரண்டு மகன்களும் கல்லூரிக்குப் போக ஆசைப்பட்டார்கள். பள்ளிப் படிப்போடு நிறுத்திக் கடைக்கு அழைத்துக்கொண்டதாக ஜிரோவே சொல்கிறார். யோஷிகாசுவுக்கு ரேஸ் கார் ஓட்டும் ஆசை இருந்தது. சுஷி வேலை முதலில் பிடிக்கவே இல்லை, ஓடிவிடலாம் போல இருந்தது என்கிறார். இன்ஜினியரிங்கா டாக்டரா என்று வீட்டில் முடிவான பிறகு கல்லூரி வாசலை மிதித்தவர்களுக்கு இந்த இடம் சுருக்கென்று இருக்கும்.

இளைய மகன் தகாஷி ரோப்போங்கியில் தனிக்கடை வைத்துப் போய்விட்டார். ஜிரோ இடது கைக்காரர், தகாஷி வலது கைக்காரர், அதனால் அந்தக் கடை இந்தக் கடையைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி திருப்பி அமைக்கப்பட்டிருக்கிறது. மூத்தவருக்கு அந்த விடுதலையும் இல்லை. ஜப்பானில் மூத்த மகன்தான் அப்பாவின் இடத்துக்கு வரவேண்டும் என்பது வழக்கம். ஆனால் அப்பா இடத்தைக் காலி செய்தால்தானே? படத்தில் யோஷிகாசுவுக்கு ஐம்பது வயது. ஒடுக்கமான இடத்தில் நின்றுகொண்டு கரி அடுப்பில் கடற்பாசித் தாளைத் திருப்பித் திருப்பி வாட்டிக்கொண்டிருக்கிறார். ஐம்பது வயதில்!

ஒரு குழந்தை அம்மாவிடம், "யாரோ ஒரு ஆள் வீட்டில் தூங்குகிறார்" என்று சொன்ன கதையை ஜிரோ சிரித்துக்கொண்டே சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை தூங்கிய அப்பாவைத்தான் பிள்ளைக்கு அடையாளம் தெரியவில்லை. அத்தனை வருடம் வீட்டைப் பார்த்துக்கொண்ட அந்த அம்மாவின் குரல் படத்தில் கேட்பதே இல்லை. இது படத்தின் குறையா, ஜிரோவின் குறையா என்று பிரிப்பது கஷ்டம். கெல்ப் கொஞ்சம் மயங்கித்தான் போயிருக்கிறார். பின்னணியில் ஃபிலிப் கிளாஸின் இசை, மெதுவாக வந்து அமரும் மீன் துண்டு, பளபளப்பு... எந்தக் கேள்வியும் அதில் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது.

ஆனால் கடைசியில் ஒரு விஷயம் வருகிறது, அதற்காகவே படத்தை மன்னிக்கலாம். 70 வயதில் ஜிரோவுக்கு மாரடைப்பு வந்தது. அதிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு சுகிஜி சந்தைக்குப் போய் மீன் வாங்குவது யோஷிகாசு. கடைக்கு மிஷெலின் மூன்று நட்சத்திரம் கொடுத்தது, உலகமே திரும்பிப் பார்த்தது. அந்த நட்சத்திரத்துக்காகச் சோதிக்க வந்தவர்களுக்கு ஒரு தடவைகூட ஜிரோ சுஷி பிடிக்கவில்லையாம். பிடித்துக் கொடுத்தது மூத்தவர்! உணவு விமர்சகர் யமமோட்டோ இதை அலட்டிக்கொள்ளாமல் சொல்லிவிட்டுப் போகிறார். கடை வாசலில் பெயர் மட்டும் அப்பாவுடையது.

2014 ஏப்ரலில் ஒபாமாவும் ஷின்சோ அபேயும் வந்து சாப்பிட்டுப் போனார்கள். 2019 நவம்பரில் மிஷெலின் இந்தக் கடையைப் பட்டியலில் இருந்தே எடுத்துவிட்டது. சுவை குறைந்ததால் அல்ல. சாதாரண ஆள் இடம் பதிவு செய்யவே முடியாத கடையைப் பட்டியலில் வைப்பது எப்படி என்று. ஜிரோவுக்கு 2025 அக்டோபரில் நூறு வயது நிறைந்தது. யோஷிகாசு அறுபதைத் தாண்டிவிட்டார். அவர் சைக்கிளில் போன அந்த சுகிஜி மீன் சந்தைகூட 2018-ல் டோயோசுவுக்கு இடம் மாறிவிட்டது.