கச்சான் காற்றும் எனது மூச்சும்

சித்திரை பிறந்தாலே எங்கள் கிழக்குக் கரையில் வெக்கை ஏறிவிடும். அது தணியுமுன் கச்சான் காற்று கிளம்பிப் புழுதியை வீட்டுக்குள் அள்ளிப் போடும். சுகதேகிகளுக்கு இது சிறு அசௌகரியம். நாட்பட்ட சுவாச வருத்தமுள்ள என்னைப் போன்ற பெண்களுக்கோ ஒவ்வொரு மூச்சும் ஒரு வேலை.

எனக்கு வயது 60. சிகரெட்டைக் கையாலும் தொட்டதில்லை. "பின்னே எனக்கேன் இந்த நோய்?" என்று கிளினிக்கில் கேட்டேன். "எத்தனை வருடம் விறகடுப்பில் சமைத்தீர்கள்?" என்று டொக்டர் திருப்பிக் கேட்டார். உம்மாவுக்கு உதவியாக ஊதுகுழல் பிடித்த காலத்திலிருந்து கணக்குப் பார்த்தேன். 30 வருடத்தைத் தாண்டியது. 2022இல் எரிவாயு தட்டுப்பட்டபோது மறுபடியும் அதே புகைக்குள் போக வேண்டியதாயிற்று. புகைபிடிக்காத பெண்களுக்கு இந்நோய் வர அடுப்புப் புகை ஒரு முக்கிய காரணமாம்.

வெப்பம் ஏன் இதைக் கிளறுகிறது? உடம்பு தன்னைக் குளிர்விக்க அதிகம் உழைப்பதால் மூச்சு வேகமாகிறது. வியர்த்து நீர் குறைந்தால் சளி இறுகி வெளிவர மறுக்கிறது.

ஆகவே வீட்டு ஒழுங்கை மாற்றினோம். சுபஹ் தொழுத கையோடு சமையல் முடிந்துவிடும். உச்சி வெயிலில் வெளியே இறங்குவதில்லை. தாகம் வருமுன்பே கொஞ்சங்கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்கிறேன். இருதய நோயுள்ளவர்களும் சிறுநீர் போகும் மாத்திரை எடுப்பவர்களும் குடிக்கும் அளவை டொக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பம்பை வெயில் படும் இடத்தில் வைப்பதில்லை. சுகமாக இருக்கிறதென்று நிறுத்துவதுமில்லை. மூச்சு முட்டினால் முன்னால் சாய்ந்திருந்து, மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதுகிறேன். கைவிசிறியால் முகத்துக்கு நேரே வீசுவதும் ஆறுதல் தரும்.

கஷ்டமாக இருந்தது சாம்பிராணிதான். அந்த மணமில்லாத வெள்ளி இரவு மாமிக்கு வெள்ளி இரவே அல்ல. வயதானவரிடம் எப்படிச் சொல்வதென்று பல வாரம் வாய்மூடி இருமினேன். கடைசியில் கணவர்தான் தாயிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னார். "மூச்சை விடவா மகள் மணம் பெரிசு?" என்ற மாமி, சட்டியைத் தானே கழுவிப் பரணில் ஏற்றினார். நுளம்புத் திரியும் போய், வலை வந்தது.

சகோதரிகளே, அடுப்படியில் மூச்சு வாங்கும்போதும் "ஒன்றுமில்லை" என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். நீடிக்கும் இருமலை வயதின்மேல் பழிபோடாதீர்கள். ஊதிப் பார்க்கும் சுவாசப் பரிசோதனையை டொக்டரிடம் கேளுங்கள். சளியின் நிறம் மாறினாலும் கால் வீங்கினாலும் தாமதியாமல் காட்டுங்கள். ஒரு வசனத்தை முழுதாகப் பேச முடியாவிட்டால், உதடு நீலம் பாரித்தால், 1990 அம்புலன்சுக்கு உடனே அழையுங்கள். வீட்டாரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். பொறுமை என்பது நோயை மறைப்பதல்ல.