வான்கோழி விருந்தின் எச்சம்

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை நன்றி நவிலல் நாள். அன்று வீடுதோறும் முழு வான்கோழி அடுப்பேறும் என்பதைப் பலரும் அறிவர். நாங்கள் இங்கே பேச விரும்புவது மறுநாளாகிய வெள்ளிக்கிழமையைப் பற்றி. சமைத்தவரின் திறமை வியாழனன்று தெரியும். இல்லறம் நடத்துபவரின் திறமை வெள்ளியன்றுதான் தெரியும்.

விருந்தினர் ஒருவருக்கு ஒரு பவுண்டு என்று பறவையின் எடையைக் கணக்கிடுவது அந்நாட்டு வழக்கம். மறுநாளைக்கும் வேண்டுமாயின் ஒன்றரைப் பவுண்டு. ஆகவே பத்துப் பேர் உண்ணும் வீட்டில் 15 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 7 கிலோ எடையுள்ள பறவை வந்து இறங்குகிறது. மிச்சம் என்பது அங்கே தற்செயலாக நேர்வதன்று, முன்கூட்டியே திட்டமிடப்படுவது. நம் திருமண வீடுகளில் பந்தி முடிந்தபின் சுண்டக்குழம்புக்காகக் காத்திருக்கும் நாவுகளை அறிந்தவர்களுக்கு இதன் நியாயம் எளிதில் விளங்கும்.

1863ஆம் ஆண்டு, உள்நாட்டுப் போரின் நடுவே, ஆபிரகாம் லிங்கன் இந்நாளை நாடு முழுமைக்கும் அறிவித்தார். நான்காவது வியாழன் என்று சட்டம் இயற்றப்பட்டது 1941இல். இதற்கிடையே மீந்த இறைச்சியைக் கையாளும் ஒரு தனிச் சமையற்கலையே அங்கு வளர்ந்துவிட்டது. லூயிசா டெட்ரசினி என்ற இத்தாலிய இசைநாடகப் பாடகியின் பெயரால் வழங்கும் ஓர் உணவு உண்டு. நூடுல்ஸ், காளான், பாலேடு, பாலாடைக்கட்டி ஆகியவற்றோடு வான்கோழித் துண்டுகளைச் சேர்த்து அவனில் வாட்டி எடுப்பார்கள். கென்டக்கியின் லூயிவில் நகரிலுள்ள பிரவுன் ஹோட்டலில் 1926இல் பிறந்த 'ஹாட் பிரவுன்' மற்றொன்று. நடனம் முடிந்து நள்ளிரவில் பசியோடு வந்தவர்களுக்காக, ரொட்டியின்மேல் வான்கோழியை அடுக்கிப் பாலாடைக்கட்டிச் சாறு ஊற்றிச் சுட்டுக் கொடுத்தது. லூயிசியானாவிலோ எலும்புகள் யாவும் 'கம்போ' என்னும் கெட்டிக் குழம்புக்குள் போய்விடும்.

இலக்கிய வாசகர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. 'தி கிரேட் கேட்ஸ்பி' எழுதிய ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் இந்த மிச்சத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார். 1940இல் தம் 44ஆம் வயதில் மறைந்த அவருடைய குறிப்பேடுகளை எட்மண்ட் வில்சன் தொகுத்து, 'தி க்ராக்-அப்' என்ற நூலில் 1945இல் வெளியிட்டார். மீந்த வான்கோழியை என்ன செய்வது என்பதற்கு 13 செய்முறைகள் அதில் உள்ளன. ஒன்றில் சைக்கிள் பம்பினால் காற்றடித்துக் கூடத்தில் தொங்கவிடச் சொல்கிறார். மற்றொன்று திருட்டு வான்கோழி. கடையிலிருந்து விரைந்து நடந்துவிட வேண்டும், கேட்பவர்களிடம் பறவை தானாகக் கைக்குள் பறந்து வந்தது என்று சிரித்தபடி சொல்லிவிட வேண்டும். எதையும் சமைக்க முடியாது. ஆனால் நான்காம் நாளும் அதே பறவையை எதிர்கொள்ளும் ஒருவரின் மனநிலையை இதைவிடச் சரியாகச் சொல்வதும் கடினம்.

தமிழ் படித்தவர்களுக்கு வான்கோழி என்றதும் மயிலைப் பார்த்துத் தானும் ஆடத் துணிந்த மூதுரைப் பறவைதான் நினைவுக்கு வரும். இதில் ஒரு சிக்கல் உண்டு. இன்று நாம் இப்பெயரால் அழைக்கும் பறவை அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. ஐரோப்பியர் அக்கண்டத்தை அடைந்த பின்னரே அது பிற நாடுகளுக்குப் பரவியது. 1612இல் கோவாவிலிருந்து ஒரு வான்கோழி ஜஹாங்கீரின் அரண்மனைக்கு வந்தபோது, அவர் வியந்துபோய் ஓவியர் மன்சூரைக் கொண்டு அதைத் தீட்டச் செய்தார். எனவே மூதுரையின் பறவை இதுவேயாயின் அந்நூல் நாம் எண்ணுவதைவிடப் பிற்பட்டதாதல் வேண்டும்; நூல் முற்பட்டதாயின் பறவை வேறாதல் வேண்டும்.

நாங்கள் இருவரும் 2014ஆம் ஆண்டை ஒஹையோ மாநிலத்தின் சிறுநகர் ஒன்றில் கழித்தோம். எங்களுள் ஒருவர் தமிழ் கற்பிப்பவர். மற்றவருக்கு அங்கே ஓராண்டுப் பணி. பக்கத்து வீட்டில் அறுபத்தைந்து வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் இருந்தார். அவருடைய கணவர் அவ்வாண்டு ஏப்ரலில் காலமாகியிருந்தார். ஆயினும் நவம்பரில் அவர் வழக்கம்போல் 18 பவுண்டுப் பறவையையே வாங்கினார். கடையில் நின்றபோது கைக்கு வேறு அளவு தெரியவில்லை என்றார். பிள்ளைகள் இருவரும் குடும்பத்தோடு வந்தனர், உண்டனர், நெடுந்தூரம் காரோட்ட வேண்டியிருந்ததால் அன்றிரவே திரும்பிவிட்டனர்.

வெள்ளிக்கிழமை காலை, இறைச்சி நீக்கிய எலும்புக்கூட்டை அலுமினியத் தாளில் பொதிந்து எடுத்துக்கொண்டு அவர் எங்கள் வாசலில் நின்றார். உங்கள் நாட்டில் எலும்பைக் காய்ச்சிச் சாறு எடுப்பதுண்டா என்று கேட்டார். உண்டு என்றோம். அப்படியானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். எறியவும் மனமில்லை, காய்ச்சவும் தெரியாது, அவர் ஆண்டுக்கு ஒருமுறை சமைத்தது இது ஒன்றைத்தான் என்றார்.

நாங்கள் அவரை உள்ளே அழைத்து அமரச் செய்தோம். எங்கள் முறையில் மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு இறக்கியிருக்கலாம். ஆனால் அவர் எப்படிச் செய்வார் என்று கேட்டோம். நான் ஒருநாளும் கவனித்ததில்லை என்றவர், பாத்திரம் அடுப்பேறியதும் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். வெங்காயத்தைத் தோலுரிக்காமல் நான்காக வெட்டுவார். அந்தத் தோல்தான் சாற்றுக்கு நிறம் தரும். காரட், செலரித் தண்டு, பிரிஞ்சி இலை, ஒரு கரண்டி வினிகர். நீர் தளதளவெனக் கொதிக்கக் கூடாது. ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழிகள் எழுந்தால் போதும். மூன்று மணி நேரம். இத்தனையையும் அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கவனித்திருக்கிறார். கவனித்தது அவருக்கே அன்றுதான் தெரிந்தது. நாங்கள் ஒரு அட்டையில் எழுதி அவரிடமே கொடுத்தோம்.

சாற்றை வடித்து அவருடைய பங்கைக் கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றிய பின்னரே எங்கள் பங்கில் புளியும் பூண்டும் மிளகும் சேர்த்து ரசம் வைத்தோம். அடுத்த மூன்று நாட்களும் இரு வீட்டு மிச்சங்களும் எங்கள் அடுப்பில் உருமாறின. விருந்தில் பறவையோடு பரிமாறும் மசாலா ரொட்டித் துண்டுகளைக் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து உப்புமாவாக்கினோம். மசித்த உருளைக்கிழங்கு போண்டா ஆயிற்று. புளிப்பும் துவர்ப்பும் மிக்க கிரான்பெரிப் பழத்தில் சமைக்காமல் எஞ்சியவை, நல்லெண்ணெய், மிளகாய்த்தூள், வெந்தயம், பெருங்காயத்தோடு தொக்காயின. எலுமிச்சை ஊறுகாய் அதன் முன் தோற்கும். கால் பகுதியின் கருஞ்சதை கொத்துப் பரோட்டாவுக்கு ஏற்றது. நெஞ்சுப் பகுதியின் வெண்சதை மறுபடி வேகவைத்தால் நாராகிவிடும். ஆகவே பிரியாணிக்கு மசாலாவையும் அரிசியையும் முதலில் முடித்துவிட்டு, தம் போடும்போது மட்டும் அதைச் சேர்த்தோம். பூசணிப் பையை அப்படியே உண்டோம். அதில் நம் கைவண்ணத்துக்கு இடமில்லை.

செய்ய விரும்புவோர் மனங்கொள்ள வேண்டியவை சில. சமைத்த இறைச்சியை இரண்டு மணி நேரத்துக்குள் எலும்பிலிருந்து பிரித்து, ஆழமற்ற பாத்திரங்களில் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். மூன்று நான்கு நாட்களுக்குள் உண்டுவிட வேண்டும். மறுபடி சூடாக்கும்போது உள்வரை 74 பாகை செல்சியஸ் ஏற வேண்டும். அதற்குமேல் வைப்பதாயின் உறைய வைப்பதே வழி.

தமிழில் மிஞ்சியதைக் குறிக்கும் சொற்களுள் 'எச்சம்' என்பது விந்தையானது. பறவையைப் பற்றிப் பேசும்போது அச்சொல்லை எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டும்! ஆனால் ஒருவர் விட்டுச் செல்வதற்கும் வள்ளுவர் அதையே வழங்கினார். மக்கள் என்று பொருள் கொண்டார் பரிமேலழகர். இலக்கணத்திலோ, முடிவதற்கு இன்னொரு சொல்லை வேண்டி நிற்பது எச்சம். வகுப்பில் பெயரெச்சமும் வினையெச்சமும் பலமுறை நடத்தியதுண்டு. மிஞ்சியதற்கும் முடியாததற்கும் நம் மொழி ஒரே சொல்லை வைத்திருப்பதன் பொருத்தம், அந்த அம்மையார் பாத்திரத்தின் ஓரத்துக் குமிழிகளைப் பார்த்தபடி கணவரின் செய்முறையைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

2015 பிப்ரவரியில் கடும்பனி பெய்து சாலைகள் மூடிக் கிடந்த ஒருநாள், அவர் தொலைபேசியில் அழைத்தார். உறைய வைத்திருந்த குப்பிகளில் கடைசியை எடுத்திருப்பதாகவும், நூடுல்ஸ் போட்டு மூவருக்கும் போதுமான அளவு செய்திருப்பதாகவும், வரும்போது அந்தச் சிவப்பு ஊறுகாய் மிச்சமிருந்தால் எடுத்து வரும்படியும் சொன்னார். சிறிது இருந்தது, எடுத்துக்கொண்டு போனோம்.